கவிநாடு தந்த ஓட்ட வீரர்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றதும் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையுமே நினைவுக்கு வரும். அதற்குக் கிழக்கே, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில், 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பப்பெற்ற ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது. 2016 நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, அங்கே நடைபெற்ற தில்லி அரை மாரத்தான் ஓட்டத்தில் இந்திய ஆடவருள் முதல்வராக வந்தவர் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன். அவ்வேளையில் நம்மில் எத்தனை பேர் பையும் கையுமாகக் காய்கறிக் கடையில் நின்றிருந்தோமோ!

மறு ஆண்டு இந்தியப் பெண்டிருள் முதலிடம் பெற்ற சூரியாவும் அதே புதுக்கோட்டையினரே. புகைமூட்டத்தைக் காட்டி ஓட்டத்தைத் தள்ளிவைக்குமாறு மருத்துவர்கள் வேண்டிக்கொண்ட ஆண்டு அது. அந்தக் காற்றிலும் 21 கிலோமீட்டரை அவர் 1 மணி 10 நிமிடம் 31 வினாடியில் கடந்தார்.

புதுக்கோட்டை நகரையொட்டியுள்ள கவிநாடு, தன் பெருங்கண்மாயால் பெயர்பெற்ற ஊர். அங்கே லோகநாதன் என்னும் பயிற்சியாளர் கவிநாடு இளைஞர் விளையாட்டுக் கழகத்தின் வாயிலாக ஊர்ப் பிள்ளைகளை ஓடப் பழக்கினார். லட்சுமணனும் சூரியாவும் அவரிடம் வளர்ந்தவர்களே. 1990-இல் பிறந்த லட்சுமணன் சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். பின்னாளில் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார். நெடுந்தொலைவு ஓட்டம் பெருஞ்செலவு வேண்டாத விளையாட்டு என்பார்கள். அது பாதி உண்மையே. வயிறார உண்டாலன்றி நாளும் பல கல் தொலைவு ஓடுதல் இயலாது. எளிய வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் படைவேலையே அந்த உணவுக்கு வழி.

அவருடைய பொற்காலம் 2017 எனலாம். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் புவனேசுவரத்துக் கலிங்கா அரங்கில் ஆசியத் தடகளப் போட்டிகள் நிகழ்ந்தன. முதல் நாளில் 5,000 மீட்டர் ஓட்டத்தை 14 நிமிடம் 54.48 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். மூன்று நாள் கழித்து 10,000 மீட்டரிலும் தங்கம். நேரம் 29 நிமிடம் 55.87 வினாடி. கடிகாரத்தை மட்டும் பார்ப்போர் இவை மந்தமான நேரங்கள் என்பர். ஆனால் பட்டப் போட்டியில் ஓட்டக்காரர் கடிகாரத்தோடு ஓடுவதில்லை. ஒருவரையொருவர் கண்காணித்து, மூச்சைச் சேமித்து, இறுதிச் சுற்றுகளில் பாய்கின்றனர். அந்தப் பொறுமையில் லட்சுமணன் வல்லவர். விரைவும் அவருக்குக் குறைவில்லை என்பதை அடுத்த திங்களே இலண்டனில் நடந்த உலகப் போட்டி காட்டியது. இறுதிச் சுற்றுக்கு அவர் தேறவில்லை. எனினும் 5,000 மீட்டரை 13 நிமிடம் 35.69 வினாடியில் ஓடித் தம் சொந்த நேரங்களுள் சிறந்ததைப் பதித்தார்.

இனி ஜகார்த்தா. 2018 ஆகஸ்டு 26-ஆம் நாள் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் 10,000 மீட்டர் ஓட்டம். இருபத்தைந்து சுற்றுகளின் முடிவில், 29 நிமிடம் 44.91 வினாடியில், லட்சுமணன் மூன்றாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டினார். பஹ்ரைன் வீரர் இருவர் முன்னே வந்திருந்தனர். 1998-இல் பாங்காக்கில் குலாப் சந்த் பெற்ற வெண்கலத்திற்குப் பின், இருபதாண்டுகள் கழித்து இவ்வோட்டத்தில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது என்ற மகிழ்ச்சி எழுந்தது. சற்று நேரத்தில் அறிவிப்பு வந்தது: ஒருவரை முந்துகையில் இடது காலைத் தடத்தின் உள்விளிம்புக்கு அப்பால் வைத்தமையால் லட்சுமணன் தகுதி நீக்கம் பெற்றார். இந்தியத் தரப்பின் முறையீடு ஏற்கப்படவில்லை. வெண்கலம் சீன வீரருக்குச் சென்றது.

விதியின் நோக்கம் நேர்மையானதே. ஒரு சுற்று 400 மீட்டர் என்பது உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்த கணக்கு. வளைவில் உள்ளே செல்பவருக்கு வழி குறுகும். ஒரு மீட்டர் உள்ளே ஒதுங்கி முழுச் சுற்றும் ஓடினால் ஆறு மீட்டருக்கு மேல் மிச்சம். ஆயின் முந்தும்போது கால் இடறிப் பதிவதனால் வரும் ஆதாயம் என்ன? பத்தாயிரம் மீட்டரில் அது பொருட்படுத்தத்தக்கதா? நடுவர் விதிப்படி நடந்தார் என்பதை மறுக்கவில்லை. விதியே மிகக் கடுமையானது என்பது எம் கருத்து. உலகத் தடகள அமைப்பும் பின்னர் அதைத் தளர்த்தியது. வளைவில் ஒரேயொரு முறை விளிம்பை மிதித்தாலோ கடந்தாலோ, அதனால் பிறருக்கு இடையூறு நேராதவரை, இன்று தகுதி நீக்கம் இல்லை.

2023-இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் இதே ஓட்டத்தில் கார்த்திக் குமார் வெள்ளியும் குல்வீர் சிங் வெண்கலமும் வென்றனர். பதக்கப் பட்டியலைப் புரட்டினால், ஆடவர் 10,000 மீட்டரில் குலாப் சந்துக்கும் இவ்விருவருக்கும் இடையே இந்தியர் எவர் பெயரும் இல்லை.