கல்லுக்குக் கூரை, சொல்லுக்கு ஏடு

சேலம் பெரியேரியில் ஒரு சிலை. தாமரைப் பீடத்தின்மீது கால் மடித்து, மடிமீது கை வைத்து, சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் உருவம். சுருண்ட முடி, நீண்டு தொங்கும் காது. யாரிது என்று கேட்டோர்க்கு, 'தலைவெட்டி முனியப்பன்' என்றே நெடுங்காலம் விடை கிடைத்தது! அருளறம் போதித்த புத்தனுக்கு இட்ட பெயரைப் பாரீர், தோழர்களே!

2011ஆம் ஆண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது. தொல்லியல் துறையினர் நேரில் ஆய்ந்து, சிலை புத்தருடையதே என்று அறிக்கை தந்தனர். 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விடவும், 'இது புத்தர் சிலை' என்று பலகை வைக்கவும் ஆணையிட்டது. தீர்ப்பை வழங்கியது நீதிமன்றம்; தீர்ப்புக்குக் கண் கொடுத்தது எது? நூற்றுக்கணக்கான சிலைகளை அருங்காட்சியகங்களில் அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஆய்வேடுகளில் அடையாளங்களை எழுதிவைத்த உழைப்பன்றோ? மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் 'பௌத்தமும் தமிழும்' நூலை எழுதியபோது ஊர் ஊராகத் திரட்டிய செய்திகளும் அவ்வுழைப்பின் ஒரு பகுதியே.

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது வாழப்பாடி. பக்கத்திலே பேளூர், அதையொட்டி வசிட்ட நதி. (ஆற்றுக்குக்கூட முனிவர் பெயர்தான்!) அதே வழியில் கிழக்கே போனால் தியாகனூரில் மீண்டும் புத்தர், வாணகோவரையர் ஆண்ட ஆறகளூர் அதன் அருகிலேயே. வடமேற்கே சேர்வராயன் மலை. அங்கே புதிய கற்கால மாந்தர் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகளை, பிற்காலத்தார் பிள்ளையார் கோயில்களில் வைத்துப் பூசித்தனர்! காடு திருத்திய கருவி கடவுளாகிவிட்டது. அவற்றைக் கருவியென்று கண்டு சேகரித்தவர் ராபர்ட் புரூஸ் பூட். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே மனிதர். இறுதிக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் திரட்டிய தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அதன் விளக்கப் பட்டியல் பின்னர் அச்சேறியது. கல் இன்றும் உள்ளது; எங்கே எடுத்தது என்ற குறிப்பும் உள்ளது.

"பழங்கல்லும் பாழ்மண்டபமும் பகுத்தறிவாளனுக்கு எதற்கு?" என்று கேட்கும் இளைஞர் உண்டு. கோயிற்சுவரைக் கண்டாலே முகம் திருப்புவோரும் உண்டு. புராணத்தைப் பொய்யென்று சொன்னால் மட்டும் போதுமா? மெய் எதுவென்று கேட்பவனுக்கு எதைக் காட்டுவோம்? 1965 வரை சேலம் மாவட்டத்திலேயே இருந்த தருமபுரிப் பகுதியிலும், அடுத்த செங்கம் பகுதியிலும் கிடைத்த நடுகற்களைப் படியுங்கள். ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்ட எளிய வீரர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், கருந்தேவகத்தி என்பவனோடு, கள்ளரை எதிர்த்து நின்ற அவன் நாய் கோவிவனையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நாயின் விசுவாசத்துக்கும் கல் நட்ட சமுதாயம் அது! தமிழகத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டிராவிட்டால், அந்நாயின் பெயர் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கல்லைப் படிப்பது எளிதன்று. நீர்விட்டுத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துக்குழியில் பதியவைத்து, மை ஒற்றி மசிப்படி எடுக்கவேண்டும். பின்னர் வரிவரியாகப் படித்து, ஊர், அரசன், காலம் குறித்து ஏட்டில் வெளியிட வேண்டும். அப்போதுதான் மற்றொருவர், 'மூன்றாம் வரியில் பிழை' என்று திருத்த முடியும். குருவாக்கியம் திருத்தத்தை ஏற்காது. ஆய்வேடு திருத்தத்தால் வளரும். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் 'ஆவணம்' இப்பணியைச் செய்கிறது. ஆசிரியர்களும் ஊர்ப்புற ஆர்வலர்களும் கண்டறிந்த கல்வெட்டுகள் அதிலே இடம்பெறுகின்றன. திரைப்பட ஏட்டுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. ஆய்வேட்டுக்கோ ஆள் தேடவேண்டியிருக்கிறது. நம் மன்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு படி வாங்கினால் என்ன? படிப்பகத்தின் மேசையிலே அதுவும் கிடக்கட்டுமே!

சேலத்தில் அரசு அருங்காட்சியகம் 1979 முதல் இருக்கிறது. தருமபுரியில் நடுகற்களைத் திரட்டி வைத்த அகழ்வைப்பகம் இருக்கிறது. வாழப்பாடி வட்டத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இவற்றுக்குக் கொடுக்கட்டும். திரும்பி வந்ததும் தம் ஊர் ஏரிக்கரையை, களத்துமேட்டை, ஆலமரத்தடியைப் புதுக்கண்ணோடு பார்க்கட்டும். துணி துவைக்கும் கல்லில் எழுத்து தெரிகிறதா? படம் எடுத்து, இடம் குறித்து, அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். சுண்ணாம்பு பூசாதீர், பூசுவோரையும் விடாதீர். மண்ணுக்குள் புதையுண்ட பொருள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் வாழப்பாடியிலேயே இருக்கிறது.