1844 அக்டோபர் 22: பெரும் ஏமாற்றமும் அட்வென்டிஸ்துக் குடும்பங்களும்

1844ஆம் ஆண்டு அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பல்லாயிரம் பேர் தங்கள் வீடுகளிலும் கூடுமிடங்களிலும் காத்திருந்தனர். அன்று இயேசு கிறிஸ்து வானத்திலிருந்து திரும்பி வருவார் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. வேதாகமத்தின் தீர்க்கதரிசனங்களைக் கணக்கிட்டு அந்த நாளை அறிந்துகொண்டதாக அவர்கள் நினைத்தார்கள். நள்ளிரவு கடந்தது, பொழுதும் விடிந்தது. அவர் வரவில்லை. கிறிஸ்தவ வரலாற்றில் இந்நிகழ்வு 'பெரும் ஏமாற்றம்' எனப்படுகிறது.

நாள் குறித்தவர்கள் யார், கணக்கு எங்கே தவறியது என்பவை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். காத்திருந்த குடும்பங்கள் அதன்பின் என்ன செய்தன என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். தீர்க்கதரிசனம் படிப்பதை அவர்களில் பலர் விட்டுவிடவில்லை. ஆனால் படித்த விதம் மெல்ல மாறியது.

வில்லியம் மில்லர்

இயக்கத்தின் தலைவர் வில்லியம் மில்லர் (1782–1849) ஒரு விவசாயி. நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு எல்லையிலுள்ள லோ ஹாம்ப்டன் அவருடைய ஊர். குருத்துவக் கல்லூரிக்குப் போனவர் அல்லர். இளமையில், கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்னும் கொள்கையுடையவராக இருந்தார். 1812இல் தொடங்கிய ஆங்கிலேய – அமெரிக்கப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றினார். சாவை அருகில் கண்ட அனுபவம் அவரைச் சிந்திக்க வைத்தது.

அவர் மனம் மாறிய இடம் சுவையானது. உள்ளூர் பாப்திஸ்து சபையில் போதகர் இல்லாத ஞாயிறுகளில் மூப்பர்கள் அச்சிட்ட பிரசங்கம் ஒன்றை வாசிப்பார்கள். அந்த நாள்களில் மகன் கோயிலுக்கு வராததைத் தாயார் கவனித்துக் கேட்டார். அவர்கள் வாசிப்பது கேட்கும்படியாக இல்லை என்றார் மகன். அப்படியானால் நீயே வாசி என்று அந்த வேலை அவரிடமே வந்து சேர்ந்தது! 1816 செப்டம்பரில் ஒரு ஞாயிறு அவருக்குக் கொடுக்கப்பட்ட பிரசங்கம் பெற்றோரின் கடமைகள் பற்றியது. சிறிது வாசித்ததும் நெஞ்சம் கனத்துத் தொடர முடியாமல் உட்கார்ந்துவிட்டார். தீர்க்கதரிசனத்தின் பெயரால் உலகம் அறிந்த ஒருவரின் பயணம், பிள்ளை வளர்ப்புப் பற்றிய ஒரு பிரசங்கத்தில் தொடங்கியது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய நண்பர்கள் கேலி செய்தார்கள். வேதாகமத்தில் முரண்பாடு இல்லை என்று காட்ட, மில்லர் ஒரு சொல்லகராதியை மட்டும் துணையாகக் கொண்டு ஆதியாகமத்திலிருந்து வசனம் வசனமாகப் படித்தார். இரண்டு ஆண்டு இப்படிப் போயிற்று.

கணக்கும் அதன் ஓட்டையும்

தானியேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில், 2300 இராப்பகல் கழிந்தபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்ற பொருளில் ஒரு வாக்கு வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டைக் குறிக்கும் என்ற விளக்கம் மில்லருக்கு முன்பே பல அறிஞர்களிடம் இருந்தது. பாரசீக அரசர் அர்தசஷ்டா எருசலேமைக் குறித்துக் கட்டளை பிறப்பித்த கி.மு. 457ஐத் தொடக்கமாக எடுத்தால், 2300 ஆண்டுகள் எங்கே முடியும்? 2300இலிருந்து 457ஐக் கழித்து 1843 என்றார் மில்லர். பரிசுத்த ஸ்தலம் என்றால் பூமி, சுத்திகரிப்பு என்றால் கிறிஸ்துவின் வருகை என்றும் பொருள் கொண்டார்.

வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பத்தில் எட்டுப் பிள்ளைகள் இதே விடையைத்தான் எழுதுவார்கள். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, இடையில் சுழி ஆண்டு கிடையாது. ஆகவே ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சரியான விடை 1844. இயக்கத்தாரும் இதைப் பின்னர் உணர்ந்தார்கள்.

மில்லர் நெடுங்காலம் தயங்கினார். யாராவது அழைத்தால் போய்ப் பேசுவேன் என்று 1831 ஆகஸ்டில் கடவுளிடம் சொல்லிக்கொண்ட அன்றே, டிரெஸ்டன் என்ற ஊரிலிருந்து தங்கை மகன் அழைப்புடன் வந்து நின்றான். அங்கே பேசியதன் விளைவாகப் பதின்மூன்று குடும்பங்களில் இருவரைத் தவிர அனைவரும் மனந்திரும்பியதாக மில்லர் பின்னர் எழுதினார். தனியாட்களை எண்ணாமல் குடும்பங்களை எண்ணுகிறார், பாருங்கள். அவருடைய செய்தி முதலில் பரவியது உறவு வழியாகத்தான்.

1839இல் பாஸ்டன் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் உடன் சேர்ந்தபின் வேகம் கூடியது. 1840இல் 'காலத்தின் அடையாளங்கள்' என்ற பத்திரிகை தொடங்கியது. பெரிய கூடாரங்களில் நாள்கணக்கில் கூட்டங்கள் நடந்தன. தானியேலின் சிலையையும் மிருகங்களையும் எண்களோடு வரைந்த விளக்கப்படம் 1842இல் அச்சாகி ஊர் ஊராகச் சென்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் அந்தப் படம் புரியும். இயக்கத்தில் சேர்ந்தவர்கள் ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மில்லர் தாமாக ஒரு நாளைக் குறிக்கவில்லை. 1843 மார்ச் முதல் 1844 மார்ச் வரையான ஓராண்டுக்குள் என்றே சொன்னார். அது கடந்தபோது தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷையரின் எக்சிடரில் நடந்த கூடாரக் கூட்டத்தில் சாமுவேல் ஸ்னோ என்பவர், யூதரின் பாவநிவாரண நாள் ஏழாம் மாதம் பத்தாம் தேதி என்பதைக் காட்டி, அவ்வாண்டு அது அக்டோபர் 22இல் வருகிறது என்றார். ஒரு திட்டமான தேதி கிடைத்ததும் மக்கள் மனநிலையே மாறிவிட்டது. மில்லர் கடைசி வாரங்களில்தான் இதை ஏற்றார். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்று சுவிசேஷமே சொல்லியிருக்க, தேதிக்கு இறங்கியது இயக்கத்தின் பெரும் பிழை என்பதே என் கருத்து.

வீடுகளுக்குள் நடந்தது

மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ராபர்ட் ஹார்மன் என்பவர் தொப்பி செய்து பிழைத்தார். மனைவி யூனிஸ், எட்டுப் பிள்ளைகள். வீட்டிலேயே தொழில் என்பதால் பிள்ளைகளும் கைகொடுத்தனர். அவர்களில் எலன் என்ற மகள் ஒன்பது வயதில் ஒரு சிறுமி எறிந்த கல் முகத்தில் பட்டு நோயாளியானவள். பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றது. மில்லரின் பேச்சைக் கேட்டபின் அவள் காலுறை பின்னிச் சேர்த்த காசில் துண்டுப் பிரசுரங்கள் வாங்கிக் கொடுத்தாள். இக்குடும்பத்தை அவர்களது மெதடிஸ்து சபை 1843இல் நீக்கியது. ஒரு சபையிலிருந்து குடும்பமே நீக்கப்படுவது அக்காலத்தில் சிறிய காரியம் அன்று. உறவு, நட்பு எல்லாம் அந்தச் சபைக்குள்தான் இருந்தன.

அக்டோபர் நெருங்கியபோது சிலர் கடையைப் பூட்டினார்கள். சிலர் பட்ட கடனை அடைத்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். நியூ இப்ஸ்விச்சில் லெனார்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் உருளைக்கிழங்கைத் தோண்ட மறுத்த கதை அட்வென்டிஸ்துகளிடம் இன்றும் வழங்குகிறது. முன்பே தோண்டிய அயலாரின் கிழங்கு நோயால் அழுகிப்போக, நவம்பரில் தோண்டிய அவருடைய கிழங்கு நல்ல நிலையில் கிடைத்ததாம். இது ஒருவருடைய நல்ல காலம். அறுக்காத பயிர் வீணாகி, குளிர்காலத்தை எதிர்நோக்கிய வீடுகளும் இருந்தன. அவற்றுக்கு உதவக் குழுக்கள் அமைக்கும்படி ஹைம்ஸ் பத்திரிகையில் எழுத வேண்டியிருந்தது.

காத்திருந்தவர்கள் வெள்ளை அங்கி உடுத்தி, கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று பல நூல்களில் காணலாம். இதற்குச் சான்று இல்லை. 1944இல் பிரான்சிஸ் நிக்கல் என்ற அட்வென்டிஸ்து எழுத்தாளர் பழைய ஆவணங்களைத் தேடி இதை மறுத்தார். சொந்தச் சபைக்காகப் பேசுபவர் என்றாலும், இந்தச் செய்தியில் அவர் கூற்றைப் பிற வரலாற்றாசிரியர்களும் பெரிதும் ஏற்கின்றனர். கேலிக்காகப் பரப்பிய கதை பாடநூல் வரை ஏறிவிடும். மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

போர்ட் கிப்சன் என்ற ஊரில் ஹைரம் எட்சன் என்ற விவசாயியின் வீட்டில் கூடியிருந்தவர்கள் விடியும்வரை அழுதார்கள். காலையில் எட்சன் சோளவயல் வழியே நடந்தபோது, பரிசுத்த ஸ்தலம் என்பது பூமி அல்ல, பரலோகத்தில் உள்ளது. கிறிஸ்து அங்கே தம் ஊழியத்தின் புதிய கட்டத்தைத் தொடங்கினார் என்ற எண்ணம் தோன்றியதாகப் பின்னர் எழுதினார். தோற்ற கணக்கைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வழி என்று எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். அட்வென்டிஸ்துகளுக்கு அது அடிப்படைப் போதனை.

இயக்கம் பல துண்டானது. பெரும்பாலோர் பழைய சபைகளுக்குத் திரும்பினர், அல்லது எதிலும் சேராமல் போயினர். மில்லரையும் 1845இல் அவருடைய சபை நீக்கியது. 1848இல் தம் நிலத்திலேயே ஒரு சிறு ஆலயம் கட்டி, மறு ஆண்டு இறந்தார்.

தேதியிலிருந்து பாடத்துக்கு

எஞ்சிய சிறு கூட்டங்களில் ஒன்று சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கத் தொடங்கியது. நியூ ஹாம்ப்ஷையரின் வாஷிங்டன் என்ற சிற்றூருக்கு ஓய்வுநாள் போதனையைக் கொண்டுவந்தவர் ரேச்சல் ஓக்ஸ் என்ற பெண்மணி. அவர் மகள் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை. இங்கும் ஒரு குடும்பந்தான்.

ஹார்மன் வீட்டு எலன் 1844 டிசம்பரில், பதினேழு வயதில், தரிசனம் கண்டதாகக் கூறினார். 1846இல் ஜேம்ஸ் ஒயிட் என்ற இளம் போதகரை மணந்தார். எலன் ஒயிட் (1827–1915) தீர்க்கதரிசன வரம் பெற்றவர் என்பது அச்சபையின் நம்பிக்கை; மற்றச் சபைகள் ஏற்பதில்லை. இந்தத் தம்பதியின் வீடு சுகமான வீடு அன்று. ஊர் ஊராகப் பிரசங்கிக்கப் போவதற்காக மூத்த மகன் ஹென்றியைக் குழந்தைப் பருவத்திலேயே மெய்னில் ஒரு நண்பர் வீட்டில் விட்டார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டு அவன் அங்கே வளர்ந்தான். நான்கு மகன்களில் கடைசிக் குழந்தை மூன்று மாதத்தில் இறந்தது. ஹென்றி பதினாறு வயதில் இறந்தான். பின்னாளில் பிள்ளை வளர்ப்பையும் வீட்டு ஆராதனையையும் பற்றி எலன் ஒயிட் இவ்வளவு எழுதியதைப் படிக்கும்போது, பிள்ளையைப் பிரிந்திருந்த தாய் எழுதுகிறார் என்பதை மறக்க முடிவதில்லை.

1852இல் ஜேம்ஸ் ஒயிட் இளைஞருக்கான ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கான முதல் பாடங்களைக் குதிரை வண்டிப் பயணத்தில், குதிரை மேய நின்ற நேரத்தில் எழுதினாராம். பிள்ளைகளுக்கென்று பாடத்திட்டம் வந்தது இப்படித்தான். பெரியவர்கள் அடுத்த தேதி எது என்று வாதாடுவதை விட்டு, வாரம் ஒரு பாடம் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். ஓய்வுநாள் பள்ளி என்ற அமைப்பு இதிலிருந்து வளர்ந்தது. 1863இல் மிச்சிகனின் பேட்டில் க்ரீக்கில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்து சபை முறைப்படி அமைந்தபோது உறுப்பினர்கள் சுமார் 3,500 பேரே.

1880களில் கேள்வி பதில் வடிவில் வேதத்தைப் படிக்கும் பழக்கம் பரவி, வீட்டாருக்கான வேத வாசிப்பு நூலாக வெளிவந்தது. வீடு வீடாக விற்பவர்கள் அதைச் சுமந்து சென்றனர். தானியேலும் வெளிப்படுத்தின விசேஷமும் அதில் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், ஜெபம் என்பவையும் உண்டு. தகப்பன் கேள்வியை வாசிப்பார், பிள்ளை வசனத்தை எடுத்து விடை சொல்லும். ஆசிரியனாக எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. விடையை நூலே கொடுத்துவிடுகிறது, மாற்றுக் கேள்வி கேட்கப் பிள்ளைக்கு இடமில்லை என்ற குறையும் தெரிகிறது.

பிரகாசபுரம்

தமிழ்நாட்டில் இந்தச் சபை வேர் பிடித்த இடங்களுள் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரம் குறிப்பிடத்தக்கது. அங்கே ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் என்பவரின் தலைமையில் 1857இல் ஒரு கூட்டத்தார் ஐரோப்பிய மிஷனெரிகளின் அதிகாரத்தை மறுத்துத் தனிச் சபை கண்டனர். அது 'இந்து கிறிஸ்தவ சபை' எனப்பட்டது. பழைய ஏற்பாட்டைத் தாங்களே படித்து, சனிக்கிழமை ஓய்வுநாளையும் எபிரெயப் பண்டிகைகள் சிலவற்றையும் கைக்கொண்டனர். அமெரிக்காவில் நடந்தது எதுவும் இதற்குக் காரணம் அன்று.

அரை நூற்றாண்டு கழித்து அட்வென்டிஸ்து மிஷனெரிகள் இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தனர். 1908 வாக்கில் ஜே. எஸ். ஜேம்ஸ் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். பள்ளியும் வந்தது, ஜேம்ஸ் நினைவுப் பள்ளி என்ற பெயர் அவ்வூரில் இன்றும் உண்டு.

இந்தச் சபையைச் சேர்ந்த வீடுகளில் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் நேரத்தில் சமையல் வேலை முடிந்து, பெரியவர் சிறியவர் எல்லாரும் கூடி உட்கார்ந்து, பாடி ஜெபித்து ஓய்வுநாளைத் தொடங்குவது வழக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு பாடநூல், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பகுதி. உலகம் முழுவதும் அதே வாரத்தில் அதே பாடம். 2020ஆம் ஆண்டின் முதல் காலாண்டுக்கு வந்தது தானியேல் புத்தகம். எட்டாம் அதிகாரத்தின் 2300 இராப்பகலும் அதில் இருந்தது.