தமிழ்நாட்டு வரவு-செலவுத் திட்டக் கண்காணிப்பு

தமிழ்நாடு அரசு திரட்டும் வரியையும், செய்யும் செலவையும், வாங்கும் கடனையும் சட்டப்பேரவையும் தணிக்கைத் துறையும் சரிபார்க்கும் ஏற்பாடு. அரசமைப்புச் சட்டத்தின் 202 முதல் 207 வரையிலான பிரிவுகள் இதற்கு அடிப்படை. பணம் செலவான பிறகு கணக்குக் கேட்பதில் வலுவாகவும், செலவாகும் முன் கேள்வி கேட்பதில் மெலிவாகவும் இது இருந்துவருகிறது.

நிதிநிலை அறிக்கை தாக்கலான பின், துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்படுகின்றன. அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார். எதிர்க்கட்சியினர் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். பதிலுரை புதிய அறிவிப்புகளோடு முடியும். மறுநாள் செய்தித்தாளில் இடம்பிடிப்பவை அந்த அறிவிப்புகளே, ஒதுக்கீட்டு எண்கள் அல்ல. கோரிக்கைகளை முன்கூட்டியே ஆராயக் கேரளம் 1980 முதல் பொருள்வாரிக் குழுக்களை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலையும் அவையின் விவாத நேரத்துக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். ஆண்டின் நடுவில் வரும் புதுப்பணிகளுக்குத் துணை மானியக் கோரிக்கை வழியே ஒப்புதல் பெறப்படுகிறது. வட்டி போன்ற சில செலவுகள் வாக்கெடுப்புக்கே வருவதில்லை.

செலவுக்குப் பிந்தைய கட்டம் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரிடம் தொடங்குகிறது. 151ஆம் பிரிவின்படி அவரது அறிக்கை ஆளுநர் வழியாகப் பேரவைக்கு வரும். அது கூட்டத்தொடரின் இறுதி நாளில் வைக்கப்பட்டால் அவையில் பேச நேரமிருக்காது. தணிக்கைப் பத்திகளைப் பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொண்டு, துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கிறது. ஒப்புதலுக்கு மேல் செலவான தொகையை முறைப்படுத்தவும் இக்குழுவே பரிந்துரைக்க வேண்டும். குழுத் தலைவர் எதிர்வரிசையைச் சேர்ந்தவராக இருப்பது மரபு. 2021இல் அமைந்த பேரவையில் அப்பொறுப்பு காங்கிரஸ் உறுப்பினர் கு. செல்வப்பெருந்தகைக்குப் போனது. காங்கிரஸ் அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தாலும் ஆளுங்கட்சி அல்ல என்பதால், மரபின் எழுத்து காக்கப்பட்டது. அதன் நோக்கம் காக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

நிதிக் கொள்கைக்கு வரம்பு கட்டுவது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம். வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பதும், நிதிப் பற்றாக்குறையை மாநில மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் வைப்பதும் அதன் இலக்குகள். கெடு நெருங்கும்போதெல்லாம் திருத்தங்கள் வந்தன. 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை தொடர்ந்தது. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை அது.

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இதை வெளிச்சமிட்டுக் காட்டியது. குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்ற கணக்கு ஊரெங்கும் பேசப்பட்டது. மொத்தக் கடனைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்த விடைதான் அது. மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் இழப்பு அரசின் தலையில் விழும் விதத்தைக் காட்டிய பக்கங்களே கூடுதல் பயனுள்ளவை. 2001இல் அன்றைய நிதியமைச்சர் பொன்னையனும் இப்படியொரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். இரண்டுமே ஆட்சி மாறிய கையோடு முந்தைய ஆட்சியைப் பற்றி எழுதப்பட்டவை.

கடனுக்கு வெளியிலிருந்தும் கடிவாளம் உண்டு. ஒன்றிய அரசுக்குக் கடன் நிலுவை வைத்திருக்கும் மாநிலம், 293(3) பிரிவின்படி அந்த அரசின் இசைவின்றிப் புதுக்கடன் வாங்க முடியாது. ஆனால் கலிபோர்னியச் சட்டமன்றம் 1941 முதல் வைத்திருப்பது போல, கட்சி சாராமல் மதிப்பீடுகளை முன்கூட்டி ஆராய்ந்து சொல்லும் நிதி ஆய்வு அலுவலகம் தமிழ்நாட்டுப் பேரவைக்கு இல்லை. திருத்திய மதிப்பீடு முதல் மதிப்பீட்டிலிருந்து ஏன் விலகியது என்று உறுப்பினர் கேட்டால், விடைக்கு நிதித்துறையையே நாட வேண்டியிருக்கிறது.