வெள்ளைக்காரன் இல்லாத ஊரில் சத்தியாக்கிரகம்

என் அப்பத்தா புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தவள். சுதந்திரப் போராட்டம் பற்றிக் கேட்டால், "எங்க ஊர்ல ஏதுடா வெள்ளக்காரன், ராசாதான்" என்பாள். அதை அறியாமை என்றே நீண்டநாள் நினைத்துக் கொண்டிருந்தேன்.

கிழவி சொன்னது பாதி சரி. 1928இல் பட்டத்துக்கு வந்த ராஜகோபாலத் தொண்டைமான் சிறுவன். 1934 முதல் 1946 வரை நிர்வாகம் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் கையில். வெள்ளைக்காரன் இருந்தான், ராஜாவின் குடைக்குப் பின்னால் இருந்தான். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த விசுவாசத்தின் நீட்சி அது.

அகிம்சைக்கு எதிராளியின் முகம் தெரிய வேண்டும். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடந்தபோது, மீறப்படுவது யார் சட்டம் என்பதில் குழப்பமில்லை. திருச்சிக்குத் தெற்கே சமஸ்தானத்தில் கதை வேறு. பிரிட்டிஷாருடன் ஒப்பந்தம் போட்டு, நஷ்டஈடு வாங்கிக்கொண்டு, உப்புக் காய்ச்சுவதை நிறுத்தியிருந்தது தர்பார். சட்டம் அங்கிருந்து, தடுக்கும் கை இங்கிருந்து. யாரை எதிர்த்து உட்காருவது?

காங்கிரஸ் இந்தச் சிக்கலை அறிந்தே விலகி நின்றது. சமஸ்தானத்தார் உறுப்பினராகலாம், காங்கிரஸ் பெயரில் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றது 1920 நாகபுரி. உள்ளூர்ப் போராட்டத்தை உங்கள் சொந்த அமைப்பில் நடத்திக்கொள்ளுங்கள் என்றது 1938 ஹரிபுரா.

ஆகவே இயக்கம் உள்ளே வருமுன் ஆட்கள் வெளியே போனார்கள். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி சென்னைக்கு வந்துதான் தலைவரானார். எங்களுக்கு மேற்கே பூண்டி நீர்த்தேக்கம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் விலகியது சென்னைச் சட்டசபைப் பதவியிலிருந்து. இருவருக்கும் களம் பிரிட்டிஷ் இந்தியாதான்.

ஆனால் இன்னொரு சமஸ்தானத்தில், திருவிதாங்கூரில், 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டது. தொடங்கியதும் கேரளக் காங்கிரஸ்காரர்களே. கோயிலைச் சுற்றிய தெருவில் ஈழவரும் புலையரும் நடக்க உரிமை கேட்டார்கள். ஈரோட்டிலிருந்து எல்லை தாண்டிப்போன பெரியார் இரண்டுமுறை சிறைபுகுந்தார். விதி அங்கே ஏன் தடுக்கவில்லை? காந்தி அதை இந்துக்களின் உள்சீர்திருத்தம் என்று வரையறுத்தார். அரசியல் என்று பெயர் சூட்டாததால் வழி கிடைத்தது என்பது என் வாசிப்பு. எதிராளி யார் என்று நடக்கிறவன் காலுக்கே தெரிந்திருந்தது என்பது இன்னொரு காரணம்.

1948 மார்ச் 3இல் புதுக்கோட்டை இணைந்தது. குடை போனது. குடைக்குப் பின்னால் நின்று ஆளும் வித்தை போய்விட்டதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் என்னிடம் கேட்டார்: "கம்பெனியக் கேட்டா காண்டிராக்டரக் காட்டுறான், காண்டிராக்டரக் கேட்டா கம்பெனியக் காட்டுறான். யாரு கேட்டுல சார் உக்கார்றது?" அப்பத்தாவின் வாக்கியம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.