மரப்பாச்சி ராஜாவுக்குக் குல்லாய்

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

கொலுவுக்காகப் பேத்தி மரப்பாச்சி ஜோடியை எடுத்து வந்து, "அம்மாச்சி, அந்தக் கால ராஜா ராணி மாதிரி உடுப்பு தைச்சுக் குடுங்க" என்றாள். கையில் வாங்கியதும் முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பள்ளிக் கண்காட்சி ஞாபகம் வந்துவிட்டது.

அன்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மரப்பாச்சிக்கு உடுத்திக் கொண்டுவந்திருந்தாள். ராணிக்கு ரவிக்கை இல்லை, மார்பில் கச்சு மட்டும் முடிந்திருந்தாள். ராஜாவுக்குக் கிரீடம் இல்லை, நீளமான குல்லாய். "ராஜா குல்லாயா போடுவார்? ராணிக்குப் பஃப் கை வைத்து ரவிக்கை தைத்து வா" என்றேன். வகுப்பே சிரித்தது. "கோயில்ல பார்த்தேன் டீச்சர்" என்றாள். எந்தக் கோயில் என்றுகூட நான் கேட்கவில்லை. மறுநாள் ஜிகினாக் கிரீடத்தோடு வந்தாள், வாடிய முகத்தோடு.

வரலாற்று ஆசிரியை நான். ஆனால் என் மனதில் இருந்த ராஜா ராணி, சினிமாவிலும் காலண்டரிலும் பார்த்தவர்கள். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் உடுத்திய சேலை ரவிக்கையே 'புராண காலத்து உடை' என்று நமக்குப் பதிந்துபோனது. பஃப் கையோ விக்டோரியா காலத்து ஆங்கிலேயப் பெண்களின் சட்டையிலிருந்து வந்தது!

தையல் நமக்குத் தெரியாததல்ல. சிலப்பதிகாரம் புகாரில் இருந்த துன்னகாரரைச் சொல்கிறது, அதாவது தையற்காரர்கள். முல்லைப்பாட்டு யவனர் போட்ட சட்டையை 'மெய்ப்பை' என்கிறது. உடம்புக்கு ஒரு பை! தைக்கத் தெரிந்தும் பெரும்பாலும் சுற்றிக் கட்டினார்கள். நம் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ரதியைப் பாருங்கள். உடம்பெங்கும் நகை, இடுப்பில் மடிப்பு மடிப்பாகத் துணி. தைத்த ரவிக்கை இல்லை.

குல்லாயும் சரிதான். திருமலையில் கிருஷ்ணதேவராயர் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கிறாரே, அந்தச் சிலையின் தலையில் இருப்பது உயரமான குல்லாய். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் பயஸ், மன்னர் பொன் பூவேலை செய்த வெள்ளை உடையும் சரிகைத் தொப்பியும் அணிந்திருந்ததாக எழுதியிருக்கிறார். கூடவே போட்ட நீளச் சட்டைக்குப் பெயர் 'கபாயி'. அது 'கபா' என்ற அரபுச் சொல். லேபாட்சிக் கோயில் ஓவியங்களில் இரண்டையும் காணலாம். சுல்தான்களோடு சண்டை போட்ட அரசு, அவர்கள் பக்கத்து உடுப்பைக் கௌரவமாகப் போட்டுக்கொண்டது.

அதற்காக ரவிக்கை அந்நியம், வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போடவே பல்லாண்டு போராடி, 1859-ல்தான் அனுமதி பெற்றார்கள்.

சரி, தையலுக்கு வருவோம். நம் பொம்மை 8 அங்குலம். ஐந்தடிப் பெண்ணில் ஏழரையில் ஒரு பங்கு. அப்படியானால் ஒன்பது கஜச் சேலை 43 அங்குல நீளம், 6 அங்குல அகலம். கணக்கு சரிதானா, பார்த்துச் சொல்லுங்கள்! அளவைக் குறைக்கலாம், நூலின் தடிமனைக் குறைக்க முடியாது. புதுத்துணி விறைத்து நிற்கும். துவைத்துத் துவைத்து நைந்த சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையின் முந்தானையை எடுத்தேன், கொசுவம் படிந்தது. புள்ளி பெரிதாக இருந்தால் பொம்மை விழுங்கப்பட்டுவிடும், பொடிப்புள்ளியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சுக்கு ஊசியே வேண்டாம், பின்னால் ஒரு முடிச்சு. கபாயி மட்டும்தான் தையல். குல்லாய்க்குச் செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, மேலே சரிகைத்துணி ஒட்டினேன்.

இன்று கொலுவில் ராஜா குல்லாயோடு நிற்கிறார். பார்க்க வந்தவர்கள், "என்ன டீச்சர், கிரீடம் காணோமே?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்துக் கதை சொல்கிறேன்.

அந்தப் பெண் இதைப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். அம்மா, நீ கண்ணால் பார்த்துச் செய்தாய். நான் பார்க்காமலே திருத்தினேன். என்னை மன்னித்துவிடு. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. இந்த ஜோடியை உனக்காகவே எடுத்து வைக்கிறேன்.