பால்காரர் மீட்ட வெள்ளைப் பியர்

ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் வந்து படிக்கும் இடத்தில் பியரைப் பற்றிய கட்டுரையா என்று புருவம் உயர்த்த வேண்டா. நான் குடிப்பழக்கம் உடையவன் அல்லன். தோட்டப்புறக் கள்ளுக்கடைகள் நம் குடும்பங்களுக்குச் செய்த கேட்டை அறியாதவனும் அல்லன். எனினும், ஓர் ஊரின் கைத்தொழில் அடியோடு அற்றுப்போய், எட்டே ஆண்டுகளில் ஒரு பால்காரரின் நினைவிலிருந்து மீண்டும் எழுந்த வரலாற்றை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறேன்.

பெல்ஜியம் நாட்டில், பிளெமிய பிரபான்ட் மாநிலத்தில் உள்ள சிற்றூர் ஹூகார்டன். சுற்றிலும் கோதுமை நன்கு விளையும் மண். முற்காலத்தில் இவ்வூர், நான்குபுறமும் பிரபான்ட் சிற்றரசால் சூழப்பட்டிருந்தும், தொலைவிலிருந்த லியேஜ் ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆகவே, பிரபான்ட் விதித்த வரிகள் இவ்வூரைத் தொடவில்லை. வரியில்லாத ஊரில் காய்ச்சிய பியரை அண்டை ஊர்களில் மலிவாக விற்க முடிந்தது. 18ஆம் நூற்றாண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இந்தச் சிற்றூரில் இயங்கியதற்கு, மண்வளத்தைவிட வரிவிலக்கே பெருங்காரணம் என்பேன். 1795இல் பிரெஞ்சுக் குடியரசு இப்பகுதிகளைத் தன்னோடு இணைத்தபோது அந்தச் சலுகையும் மறைந்தது.

ஹூகார்டனின் பியர் 'வெள்ளைப் பியர்' எனப்படும். முளைகட்டாத கோதுமையின் புரதமும் வடிகட்டப்படாத ஈஸ்ட்டும் கலந்து நிற்பதால் அது நீராகாரம்போல் கலங்கலாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். செருமனியின் பவேரியாவில் 1516இல் இயற்றப்பட்ட தூய்மைச் சட்டம், பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பியரில் சேரக்கூடாது என்றது. பெல்ஜியத்தாரை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அவர்கள் டச்சு வணிகர் கொணர்ந்த குராசோ தீவின் கசப்பு ஆரஞ்சுத் தோலையும் கொத்தமல்லி விதையையும் இடித்துப் போட்டனர். ஆம், நம் வீட்டுச் சாம்பாருக்கு வறுத்துப் பொடிக்கும் அதே மல்லிதான்!

பின்னர் வந்தது தெளிந்த, பொன்னிற லாகர் பியரின் காலம். பேராலைகள் அதனைக் குளிரூட்டி, வடிகட்டி, எங்கும் ஒரே சுவையில் அனுப்பின. கலங்கல் பியர் பழைமையின் அடையாளமாகிவிட்டது. ஹூகார்டனின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, இறுதியில் எஞ்சிய டோம்சின் ஆலையும் 1957இல் கதவடைத்தது.

அந்த ஆலைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர் பியேர் செலிஸ். 1925இல் பிறந்தவர், பிழைப்புக்குப் பால் விற்றார். இளமையில் டோம்சின் ஆலைக்குச் சென்று கையுதவி செய்திருந்தார். பயிற்சிச் சான்றிதழோ பட்டமோ அவரிடம் இல்லை. எதை எப்போது எவ்வளவு போட்டார்கள் என்று கண்ட நினைவு இருந்தது. ஊரார் கூடிப் பேசும்போதெல்லாம் பழைய வெள்ளைப் பியரை எண்ணி ஏங்குவதைக் கேட்டவர், நாமே காய்ச்சிப் பார்த்தால் என்ன என்று துணிந்தார். முதல் முயற்சி துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் நடந்ததாகச் சொல்வர். 1965இல் தந்தையிடம் கடன் பெற்று, பழைய கருவிகளை வாங்கி, வீட்டை ஒட்டிய கொட்டகையில் சிறிய ஆலை ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டு அவரது பியர் விற்பனைக்கு வந்தது. இன்று ஹூகார்டன் புட்டியில் 1445 என்ற ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அது ஊரின் மரபுக்கு உரிய ஆண்டேயன்றி ஆலையின் வயது அன்று. ஆலையின் வயது அந்தக் கொட்டகையிலிருந்து தொடங்குகிறது.

வயது முதிர்ந்தோர் பழைய சுவையைக் கண்டுகொண்டனர் என்பதைவிட, அதனை முன்பு அறியாத மாணவர்களும் இளைஞர்களும் விரும்பிக் கேட்டதே எனக்கு வியப்பளிக்கிறது. ஆலை வளர்ந்து, பழைய குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றுக்கு இடம் பெயர்ந்தது. 1985இல் தீ விபத்து நேர்ந்தது. காப்புறுதித் தொகை போதவில்லை. லூவன் நகரின் ஆர்த்துவா நிறுவனம் பணம் தந்து உதவியது. பணத்தோடு பங்கும் அதன் கைக்குச் சென்றது. அந்நிறுவனம் பிறிதொன்றோடு இணைந்து இன்டர்புரூ ஆனபின், செய்முறையில் கைவைக்க நெருக்கினார்கள் என்று மனம் வெறுத்த செலிஸ், தம் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார். அறுபத்தேழு வயதில், 1992இல், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் மீண்டும் ஓர் ஆலை திறந்தார். அதுவும் மில்லர் நிறுவனத்திடம் சென்று, பத்தாண்டு நிறைவதற்குள் மூடப்பட்டது. ஒரே மனிதர் இருமுறை தம் படைப்பைப் பெருநிறுவனத்திடம் இழந்தார்.

கதை அத்துடன் நிற்கவில்லை. 2005இல் இன்பெவ் என்று பெயர் மாறியிருந்த அந்நிறுவனம், ஹூகார்டன் ஆலையை மூடி, லியேஜ் அருகிலுள்ள ஜூப்பில் பேராலைக்கு உற்பத்தியை மாற்றப்போவதாக அறிவித்தது. ஊரார் வீதிக்கு வந்து எதிர்த்தனர். ஆனால், ஜூப்பிலில் காய்ச்சிய பியரில் பழைய சுவை கிட்டவில்லை. 2007இல் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. உற்பத்தி ஹூகார்டனிலேயே தொடர்ந்தது. செலிஸ் 2011இல் மறைந்தார்.

இதற்கிடையில் செலிஸின் முறை வேறொரு வழியிலும் பரவிவிட்டது. பிரிட்டன் 1963இல் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான உரிமத்தை நீக்கியது. அமெரிக்கா 1978இல் அதற்குக் கூட்டரசு அளவில் சட்டம் இயற்றியது. அந்நாடுகளில் இன்று சமையலறை அடுப்பிலேயே நான்கு லிட்டர் அளவில் வெள்ளைப் பியர் காய்ச்சுகிறார்கள். முளைகட்டாத கோதுமை ஏறத்தாழ பாதி, முளைகட்டிய பார்லி பாதி, சிறிது ஓட்ஸ். கோதுமைக்கு உமி இல்லை. எனவே, பார்லியின் உமிதான் சாற்றை வடிக்க உதவுகிறது. தானியத்தை 65 பாகை செல்சியஸ் அளவு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், பார்லியிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். (அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க: முளைகட்டிய பயறு இனிப்பதும் இதே காரணத்தால்தான்.) வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, இறக்கும் தறுவாயில் ஒரு சிறு கரண்டி மல்லியும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பர். முன்னதாகவே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். ஆறியபின் ஈஸ்ட் இட்டு நொதிக்கவிட்டு, சிறிது சர்க்கரையோடு புட்டியில் அடைப்பர்.

மலேசியப் பெற்றோர்க்கு ஒரு சொல்: நம் நாட்டில் உரிமமின்றி மது தயாரித்தல் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றமாகும். ஆகவே, மேற்சொன்ன செய்முறையை வரலாற்றுக் குறிப்பாக மட்டும் கொள்க. முளைகட்டிய பயறைப் பிள்ளைகளுக்குச் சுவைக்கக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.