பொறி பறக்கும் கணம்

நான் பள்ளி மாணவனாயிருந்த நாளில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மோட்டார்ப் பட்டறை இருந்தது. ஒரு மாலை அங்கே ஓர் அம்பாசிடர் கார் வந்து நின்றது. மேட்டில் ஏறும்போது இளைக்கிறது என்பது அதன்மீது குறை. வயது முதிர்ந்த மிஸ்திரி எஞ்சினைப் பிரிக்கவில்லை. முன்புறப் புல்லியிலுள்ள வெட்டைக் குறிக்கு நேராகக் கொண்டுவந்தார். சிறு விளக்கு ஒன்றைக் கம்பியால் இணைத்தார். டிஸ்டிரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். விளக்குப் பளிச்சிட்ட இடத்தில் கையை நிறுத்திப் பிடியை இறுக்கினார். வைத்தியம் அவ்வளவுதான். “விளக்கு எரிகிற நேரந்தான் தம்பி, உள்ளே பொறி விழுகிற நேரம்” என்றார்.

அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க மனிதன் பட்ட பாட்டையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே சென்று நெருக்குகிறது. பிஸ்டன் உச்சியை அடைந்த பிறகு பொறி விழுந்தாற் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் கலவை எரிந்து முடியவும் நேரம் வேண்டுமல்லவா? அந்த நேரம் வினாடியில் ஆயிரத்திற் சில பங்குதான். நிமிஷத்துக்கு 600 முறை சுழலும் எஞ்சினில், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கிராங்க் தண்டு 4 பாகைகூடத் திரும்புவதில்லை. 3000 முறை சுழலும்போதோ 18 பாகை திரும்பிவிடுகிறது. ஆகையால் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே இடவேண்டும். பிந்தினால் வலிமை வீணாகும். அளவு மீறி முந்தினால், மேலே வரும் பிஸ்டனை எதிர்த்தே அடி விழும்.

தொடக்கக் காலத்தவர் இதைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படவில்லை. ஜெர்மனியில் டெய்ம்லரும் மேபாக்கும் 1880-களில் செய்த எஞ்சினில் மின்பொறியே இல்லை. செக்கச்சிவக்கக் காய்ச்சிய ஒரு குழாய் சிலிண்டரை ஒட்டி நின்றது. நெருக்கப்பட்ட கலவை அதனுள் புகுந்து தானாகப் பற்றிக்கொண்டது. எப்போது பற்றும் என்பது குழாயின் சூட்டைப் பொறுத்தது. அதே நாட்டில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற வண்டியிலே மின்பொறியை வைத்தார். 1897-இல் ராபர்ட் பாஷின் பட்டறை, டி டியான் பூட்டான் என்னும் பிரெஞ்சு மூன்று சக்கர வண்டிக்கு மாக்னெட்டோவைப் பொருத்திக் காட்டிற்று. அவரிடம் பணியாற்றிய கோட்லோப் ஹோனால்டு 1902-இல் உயர் அழுத்த மாக்னெட்டோவைச் செய்து முடித்தார். வேகமாகச் சுழலும் எஞ்சினுக்கும் நம்பத்தக்க பொறி கிடைத்தது.

பொறி கிடைத்தது, அதற்குரிய நேரத்தை வைப்பவர் யார்? ஓட்டுநர்தான்! அமெரிக்காவில் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு டி மாடலில், ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இரண்டு நெம்புகள் இருந்தன. வலப்பக்கத்தது பெட்ரோலுக்கு, இடப்பக்கத்தது பொறியின் நேரத்துக்கு. வேகம் பிடித்ததும் இட நெம்பைக் கீழே இழுக்கவேண்டும். வண்டியைக் கிளப்பும்போதோ அதை மேலே தள்ளிப் பொறியைப் பிந்தவைத்த பிறகே ஹாண்டிலைத் தொடவேண்டும். மறந்தவர் கதி என்ன? பொறி முந்தி விழும். எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கையிலிருந்த ஹாண்டில் மணிக்கட்டை முறித்துவிடும். இந்த விபத்து எத்துணை மலிந்திருந்தது என்பதற்கு வைத்திய நூல்களே சாட்சி. முன்கை எலும்பின் மணிக்கட்டு ஓரம் உடைவதற்கு ‘காரோட்டி முறிவு’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் இன்றும் வழங்குகிறது. எங்கள் மிஸ்திரியும் ஹாண்டிலைத் தொட என்னை விட்டதே இல்லை. தாம் சுழற்றும்போது கட்டைவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்வார். அவர் இளமையில் பட்ட அடியின் தழும்பு அந்தக் கையில் இருந்தது.

ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியாளர் இருந்தார். பாட்டரி மின்சாரத்தால் பொறி தரும் முறையை அவர் வகுக்க, அது 1910-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. 1912 மாடலில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டரும் வந்து ஹாண்டிலுக்கு விடை கொடுத்தது. பின்னர் வந்த டிஸ்டிரிபியூட்டர்களுக்குள் இரு சிறு எடைகளை வைத்தார்கள். வேகம் கூடினால் அவை வெளியே விரிந்து, பொறியைத் தாமே முந்தவைக்கும். ஓட்டுநரின் இடக்கை விடுதலை பெற்றது.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. சில எஞ்சின்கள் பாரம் இழுக்கும்போது சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டின. பழி கெட்டரிங்கின் பாட்டரிப் பொறிமேல் விழுந்தது. அவரும் தாமஸ் மிட்ஜ்லியும் ஆராய்ந்து, குற்றம் எரிபொருளின் குணத்தில் என்று கண்டார்கள். பொறியைச் சற்றே பிந்தவைத்தால் தட்டல் குறையும். ஆனால் வலிமையும் குறையும். எனவே பெட்ரோலையே மாற்ற முனைந்தார்கள். 1921 டிசம்பரில் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து தட்டலை அடக்கினார். 1924-இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். அதன் பிறகும் ஈயம் கலந்த பெட்ரோல் உலகெங்கும் விற்றது. சில பாகை அவகாசம் வேண்டி மனிதன் தன் மூச்சுக்காற்றிலேயே நஞ்சைக் கலந்தான் என்பதை என்னால் இன்றும் அமைதியாக எண்ண முடியவில்லை. இந்தியா 2000-இல் அதைக் கைவிட்டது. கார்களுக்கான விற்பனையைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021.

இதற்கிடையே, 1979-இல் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றில் பாஷ் நிறுவனத்தின் மின்னணுக் கருவி பொறியின் நேரத்தையும் பெட்ரோலின் அளவையும் ஒருசேரக் கணக்கிடத் தொடங்கிற்று. இக்காலக் கார்களில் தட்டலைக் கேட்கும் செவி ஒன்று எஞ்சினிலேயே பதிந்திருக்கிறது. தட்டியவுடன் பொறி தானே சில பாகை பின்வாங்கும். திருப்புவதற்கு டிஸ்டிரிபியூட்டரே பெரும்பாலான கார்களில் இல்லை. அம்பாசிடர் உற்பத்தியும் 2014-இல் நின்றது. எங்கள் தெருப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை இருக்கிறது. மிஸ்திரியின் மகனிடம் அந்தச் சிறு விளக்கைப் பற்றி விசாரித்தேன். கம்பியோடு ஆணியில் மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.